மார்ட்டினியா, வின்செஸ்டரா, ப்ர்னோவா?

மாமனாரின் காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் மச்சினன் என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுப் போனான். "மாமா, அப்பாவோட ரைபிள் ரெண்டையும் என்ன பண்றது?" என்றான்.

கேட்டதில் தப்பில்லை. லைசென்ஸ் வைத்திருந்தவர் போய்விட்டால் அவருடைய துப்பாக்கி வீட்டு பீரோவில் சும்மா இருக்க முடியாது. பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். நாங்கள் அந்த வாரமே அண்ணா சாலைப் பக்கம் உள்ள ஒரு பழைய கடையில் ஒப்படைத்தோம். ஒப்படைக்கப் போன இடத்தில்தான் மூன்றாவது ஆசையும் முளைத்தது. கண்ணாடி அலமாரிக்குள் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த ப்ர்னோ மாடல் 2 ஒன்று விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தது. மச்சினன் அதைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். நாலு வருஷமாக கிளப் ரைபிளில் சுடுகிறவன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் அவனுக்கு ரொம்ப நாளாக உண்டு.

ஆக, மூன்று ரைபிள். மாமனாரின் பி.எஸ்.ஏ. மார்ட்டினி, மாமனாரின் வின்செஸ்டர் 1890, கடையிலிருக்கும் ப்ர்னோ. மூன்றுமே பாயின்ட் 22, அதாவது குழலின் துளை 0.22 அங்குலம், பேச்சில் நாம் 'டூ டூ' என்கிற ஜாதி. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று இரண்டு மாதமாக நாங்கள் பேசியதை இங்கே எழுதுகிறேன். வால்பாறையிலும் நீலகிரியிலும் எஸ்டேட்டில் இருந்த பெரியவர்கள் விட்டுப்போன டூ டூ ரைபிள்கள் இன்னும் சில சென்னை வீடுகளில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பயன்படலாம்.

முதலில் எண்ணிக்கை. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம், இப்போது இரண்டுதான். பரம்பரையாக வந்தாலும் அதே கணக்கு. ஆனால் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு உண்டு. மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பின் உறுப்பினர் குறி பழகுவதற்காக வைத்திருக்கும் பாயின்ட் 22 ரைபிளுக்கு இந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தாது. லைசென்ஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அது கட்டாயம் வேண்டும். இந்த விலக்கை நம்பி மூன்றாவது ரைபிளுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், கிளப் செயலாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய் லைசென்ஸ் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். சென்னை நகருக்குள் லைசென்ஸ் தருகிற அதிகாரம் போலீஸ் கமிஷனருடையது. அங்கே என்ன சொல்கிறார்களோ அதுதான் கணக்கு. நாங்கள் லைசென்ஸில் இரண்டு இடம் என்றே வைத்துக்கொண்டு பேசினோம். இரண்டு என்று வைத்துக்கொண்டால்தான் ஒரு ரைபிளை நிஜமாகவே எடைபோட்டுப் பார்ப்போம்.

அடுத்தது தோட்டா. என் அனுபவத்தில் பழைய டூ டூ ரைபிளைப் பார்க்கிறவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள், முத்திரையைப் பார்க்கிறார்கள், வருஷத்தைக் கேட்கிறார்கள். அது எந்தத் தோட்டாவுக்குச் செய்தது என்று கேட்பதில்லை. டூ டூவில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காரணம் ரிம்ஃபயர் தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரிய ரைபிள் தோட்டாவுக்கு அடியில் நடுவில் தனியாக ஒரு பிரைமர், அதாவது தீப்பற்ற வைக்கும் சின்ன மூடி, இருக்கும். ரிம்ஃபயரில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளே கூடாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் தீப்பற்றும் மருந்தைப் பரப்பியிருப்பார்கள். ஊசி வந்து விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். ஒருமுறை நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். திரும்ப மருந்து வைக்க வழியில்லை. ஃபாக்டரி அந்தத் தோட்டாவைச் செய்வதை நிறுத்திவிட்டால் ரைபிளும் நின்றுபோகும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ரெமிங்டன் கம்பெனி 1970 வாக்கில் 5 மில்லிமீட்டர் ரிம்ஃபயர் மேக்னம் என்று ஒரு புதுத் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதற்கென்றே 591, 592 என்று இரண்டு ரைபிள். வேகமான, நேராகப் போகிற அருமையான தோட்டா. சில வருஷத்தில் ரைபிளையும் நிறுத்தினார்கள், தோட்டாவையும் நிறுத்தினார்கள். ஐம்பதாயிரம் பேர் வீட்டில் ரைபிள் இருந்தது, போட ஒன்றுமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து 2008-ல் மெக்சிகோவின் அகிலா கம்பெனி மறுபடி செய்துகொடுத்த பிறகுதான் அவை மூச்சுவிட்டன. தோட்டா கடையில் தாராளமாகக் கிடைக்கிற நாட்டிலேயே இந்த கதி.

இப்போது வின்செஸ்டருக்கு வருகிறேன். மூன்றில் அழகு இதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்கோணமாகச் செதுக்கிய 24 அங்குலக் குழல், அதன் அடியில் தோட்டா நிரப்பும் சன்னக் குழாய், அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்தாற்போல் வரிவரியாகக் கடைந்த உருண்டை மரப்பிடி. பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் காலிக் கூடு எகிறி வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே போகும். சுத்தியல் வெளியில் தெரியும். ஜான் பிரவுனிங்கும் அவர் தம்பியும் வடிவமைத்து, 1890-ல் தொடங்கி 1932 வரை எட்டு லட்சத்துக்கு மேல் செய்த ரைபிள். மெரினாவில் பலூன் கட்டி, ஏர் கன்னைக் கையில் கொடுத்து, குறி பார்த்துச் சுடச் சொல்வார்களே, அமெரிக்கத் திருவிழாக்களில் அந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தது இந்த மாடல்தான். அங்கே அது அபூர்வம் இல்லை. இங்கே அபூர்வம்.

கடையில் அதைத் துணி உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது நான் முதலில் தேடியது குழலின் மேல்பக்கத்தை. ரைபிளின் உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், தேய்ந்த எழுத்தில், '22 டபிள்யூ.ஆர்.எஃப்.' வின்செஸ்டர் ரிம் ஃபயர் என்பதன் சுருக்கம். மனசு விழுந்துவிட்டது. இந்த மாடலை ஷார்ட், லாங், டபிள்யூ.ஆர்.எஃப். என்று தனித்தனித் தோட்டாவுக்குச் செய்தார்கள். ஒன்றுக்குச் செய்ததில் மற்றது சேராது. நாம் இன்று எங்கும் பார்க்கிற லாங் ரைபிள் தோட்டாவுக்கு இதைச் செய்ய ஆரம்பித்தது 1919-ல்தான். மாமனாருடையது அந்த ஜாதி இல்லை.

மச்சினன் ஒப்பவில்லை. "எல்லாமே டூ டூதானே மாமா. போட்டுப் பார்த்தா என்ன?"

கடைப் பெரியவர் ஒன்றும் பேசாமல் மேசை டிராயரைத் திறந்து, சுட்டுப் போட்ட லாங் ரைபிள் காலிக் கூடு ஒன்றை எடுத்தார். ரைபிளைத் திறந்து, தோட்டா உட்காரும் குழலின் பின்முனையான அறைக்குள் அதை விட்டார். லொடக்கென்று உள்ளே போனது. ரைபிளை லேசாக ஆட்டினார். செம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் வந்தது. குழலைச் சாய்த்ததும் கூடு தானாக நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. லாங் ரைபிள் கூட்டின் பருமன் ஏறக்குறைய 5.7 மில்லிமீட்டர். டபிள்யூ.ஆர்.எஃப். கூடு 6.1-க்கு மேல். அரை மில்லிமீட்டர் கூட இல்லை என்று தோன்றும். ஆனால் வெடிக்கும்போது அந்தச் சன்னப் பித்தளையைத் தாங்கிப் பிடிப்பது அறையின் சுவர்தான். சுவர் விலகி இருந்தால் கூடு ஊதிப் பிளக்கும். சூடான வாயு பின்பக்கமாக, சுடுகிறவன் முகத்துக்கு வரும். மச்சினன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவை அமெரிக்காவில் இன்னும் அவ்வப்போது ஒரு தடவை செய்கிறார்கள். அதைச் சென்னையில் ஒரு பெட்டி வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். இத்தனை வருஷத்தில் கிளப்பிலோ கடையிலோ ஒரு பெட்டி நான் கண்ணால் பார்த்ததில்லை. மாமனாரின் உறைக்குள் ஒரு பழைய தகர டப்பாவில் பதினோரு தோட்டா இருந்தது. ஈயக்குண்டின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவற்றைச் சுடக் கூடாது என்று சொல்லி, ரைபிளோடு சேர்த்தே கணக்குக் காட்டி ஒப்படைத்தோம்.

இனி மார்ட்டினி. நம்மூரில் பி.எஸ்.ஏ. என்றால் அம்பத்தூரில் செய்த சைக்கிள். அந்த மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் துப்பாக்கி செய்வதற்காகவே தொடங்கிய கம்பெனி, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. மூன்று ரைபிளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த முத்திரை மாமனாரின் ரைபிள் பக்கவாட்டில் இன்னும் தெளிவாக இருக்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படும்.

இது பார்வைக்கு அழகான ரைபிள் இல்லை. 29 அங்குலக் கனத்த குழல், கட்டையான பெட்டிபோன்ற உடம்பு, அடியில் ஒரு லிவர். மேகசின் கிடையாது. லிவரைக் கீழே தள்ளினால் உள்ளே ஒரு எஃகுக் கட்டை முன்பக்கம் தாழ்ந்து கொடுக்கும். அதன் முதுகில் ஒரு வாய்க்கால். தோட்டாவை அதில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினால் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். லிவரை மேலே தூக்கினால் கட்டை எழுந்து அடைத்துக்கொள்ளும். 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட மார்ட்டினி ஹென்றி ரைபிளின் அதே வேலைப்பாடு, குட்டி உருவத்தில். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் தங்கள் சிப்பாய்களுக்குக் குறி சரியில்லை என்று கண்ட பிறகு, தளபதி லார்ட் ராபர்ட்ஸ் போன்றவர்கள் முன்னின்று இங்கிலாந்து முழுக்கச் சின்னச் சின்ன ரைபிள் கிளப்புகளைத் தொடங்கிவைத்தார்கள். தொழிலாளியும் குமாஸ்தாவும் வேலை முடிந்து வந்து டூ டூ சுட்ட கிளப்புகள் அவை. அந்த கிளப்புகளுக்காகச் செய்தது இந்த ரைபிள். குப்புறப் படுத்து, கையில் வார் மாட்டி, ஒவ்வொன்றாக, நிதானமாகச் சுடுவதற்கு.

தோட்டா? சாதாரண லாங் ரைபிள். 1887-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்து, இன்றைக்கு ஒலிம்பிக் 50 மீட்டர் வரை அதே தோட்டாதான். கிளப்பில் கிடைக்கும். எனக்கு இதுதான் இந்த ரைபிளின் பெரிய அதிசயம். நூறு வருஷம் முந்திய ஒரு விசித்திரமான யந்திரத்தை இன்றைய தோட்டாவைப் போட்டு, செய்த நாளில் சுட்டதுபோலவே சுடலாம். அபூர்வமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மார்ட்டினியில் குழலைப் பின்பக்கமிருந்து நேர்க்கம்பி விட்டுத் துடைக்க முடியாது. உடம்பு மறைக்கும். கயிற்றில் துணி கட்டி இழுக்க வேண்டும். அல்லது வாய்ப்பக்கமிருந்து கம்பி விட வேண்டும். எஸ்டேட் பங்களாக்களில் ஆளைவிட்டுத் துடைக்கச் சொன்ன ரைபிள்களில் அந்தக் கம்பி உரசி உரசி வாய் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்ததை எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குண்டு வெளியேறும் கடைசி நொடியில் வாய் ஒருபக்கம் விட்டுக்கொடுத்தால் குறி எங்கோ போகும். நாங்கள் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்துப்போய்ப் பார்த்தோம். குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய ரைஃப்ளிங் வரிகளின் முனை ஒவ்வொன்றும் நகம்போல் கூராக இருந்தது. பிறகு ரைபிளைத் திறந்து, அறைப்பக்கம் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, வாய்வழியாகப் பார்த்தோம். ரைஃப்ளிங் வரிகள் சுழன்று சுழன்று ஓடின. நடுவில் ஓரிடத்தில் மட்டும் லேசான நிழல். துரு கடித்த தழும்பா, படிந்த ஈயமா என்று துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். பின்பக்க சைட்டின் திருகு மட்டும் இறுகிப்போய் அசைய மறுத்தது. எண்ணெய் விட்டுப் பொறுமையாக எடுக்க வேண்டியது. தட்டி எடுக்க முயன்றால் போச்சு.

இன்னொன்று, காலி அறையில் டிரிகரை இழுத்துப் பார்க்கும் பழக்கம். கடையில் பழைய ரைபிளைக் கையில் எடுத்தவர்களில் பாதிப் பேர் உடனே செய்வது அதைத்தான். பழைய டூ டூவில் ஊசி வந்து அறையின் உதட்டிலேயே மோதும். உதட்டில் பள்ளம் விழுந்தால் பிறகு விளிம்பு சரியாக நசுங்காது, தோட்டா வெடிக்காமல் போகும். காலிக் கூடு ஒன்றைப் போட்டுவிட்டு இழுங்கள்.

ப்ர்னோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது அவ்வளவு நல்ல ரைபிள். போல்ட், ஐந்து தோட்டா மேகசின், கைக்கு அடங்கிய எடை, டெலஸ்கோப் மாட்டுவதற்கு மேலே வெட்டிய தடம். வேலைப்பாடு சுத்தம். மூன்றில் எதை வாங்கினால் தலைவலி இல்லை என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். தனி ஆள் வெளிநாட்டு ரைபிளை இறக்குமதி செய்யும் வழி இங்கே பல பத்தாண்டுகளாக அடைபட்டிருப்பதால் அதற்குச் சொல்லும் விலை அதன் நாட்டில் யாரும் கேட்டிராத விலை. அபூர்வத்துக்குக் கொடுக்கும் பணமில்லை அது, கதவு மூடியிருப்பதற்குக் கொடுக்கும் பணம்.

பணத்தைவிட எனக்கு வேறு ஒரு யோசனை. ப்ர்னோவும், டபிள்யூ.ஆர்.எஃப். வின்செஸ்டரும் எதற்குப் பிறந்தவை? முயலுக்கும் அணிலுக்கும். தோளில் போட்டுக்கொண்டு காடு மேடு நடக்க வேண்டும் என்பதால்தான் எடை குறைவு, மேகசின், வேகமாக இரண்டாவது குண்டு. நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேலை முடிந்துவிட்டது, முடிந்ததும் நல்லதே. இன்று சென்னையில் டூ டூ வைத்திருக்கிற ஒருவன் அதைச் சட்டப்படி சுடக்கூடிய இடம் ரேஞ்ச் ஒன்றுதான். பாயில் படுத்து, 50 மீட்டரில் அட்டை. அந்த அட்டையின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அந்த இடத்துக்கென்றே பிறந்த ரைபிள் மூன்றில் ஒன்றுதான். கனமான குழல் காற்றில் ஆடாது. மேகசின் இல்லாதது குறையே இல்லை, ரேஞ்சில் ஒவ்வொன்றாகத்தான் போடுகிறோம்.

மச்சினன் இன்னொரு பக்கமும் வாதாடினான். அப்படியென்றால் அன்ஷூட்ஸ் மாதிரி பந்தய ரைபிளுக்கே போய்விட்டால் என்ன? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதிலிருந்து அவனுக்கு அந்தக் கனவு. நல்ல கனவு. ஆனால் அதற்கான வழி போட்டி வழி. மாநிலப் போட்டி, தேசியத் தகுதி, சங்கத்தின் மூலம் இறக்குமதி என்று ஏணிப்படி உண்டு. அந்த ஏணியில் ஏறுகிறவனுக்கு அதைவிடச் சிறந்த ரைபிள் இல்லை. அதை அபூர்வச் சேகரிப்போடு போட்டுக் குழப்பக் கூடாது. அரசுத் தொழிற்சாலை டூ டூவும் உண்டு. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்து டீலக்ஸ் ரைபிளின் தோள்கட்டை மறக்காது, எனக்கும்தான். பழக நல்லது, சேகரிப்பவன் மனசு அதில் நிற்காது.

தினப்பழக்கத்துக்கு மட்டும் ஒன்று சொன்னேன், அவனும் உடனே கேட்டுக்கொண்டான். 0.177 ஏர் ரைபிள். குண்டின் சக்தி 20 ஜூலுக்கு உட்பட்டதென்றால் லைசென்ஸ் வேண்டாம், இரண்டு இடத்தில் ஒன்றையும் தின்னாது. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில். மூச்சும் டிரிகரும் அதில் படிந்துவிட்டால் மார்ட்டினியில் செலவாகும் தோட்டா பாதியாகும்.

எதை வைத்துக்கொண்டாலும் இந்த ஊரில் ஒரு எதிரி எல்லாவற்றுக்கும் பொது. கடற்காற்று. ஐப்பசி கார்த்திகையில் சுவரே வேர்க்கும் ஊர் இது. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். என் ரைபிளைத் தோல் உறையோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். கரண்ட் வந்து, சேறு அள்ளி, வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகு பதினெட்டாம் நாள் உறையைத் திறந்தால் குழலின் ஒருபக்கம் முழுக்கச் செம்மண் பூசினதுபோல் இருந்தது. தண்ணீர் ரைபிளைத் தொடவில்லை. உறையின் உள்துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் ஒத்தடம் கொடுத்திருக்கிறது. துருவை எடுத்தேன். அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் நின்றுவிட்டன. அன்றிலிருந்து தோல் உறை எடுத்துக்கொண்டு போக மட்டும். வீட்டில் எஃகுப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை அதை வாணலியில் வறுத்து ஈரம் போக்குவது. எண்ணெயும் கன் ஆயில் மட்டும்தான். பழைய ஆட்கள் சிலர் தேங்காய் எண்ணெய் போடுவார்கள். அது நாள்பட்டால் பிசினாகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும்.

தேர்தல் வந்தாலும் இதை நினைவில் வையுங்கள். தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்பக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். கொடுப்பதற்கு முன் குழலுக்கு உள்ளும் புறமும் கனமாக கிரீஸ் பூசிக் கொடுங்கள். பழைய ரைபிளின் நீலப் பூச்சு சன்னமானது.

இப்படியெல்லாம் பேசி, நான் சொன்ன முடிவு: மார்ட்டினியை முதல் இடத்தில் எழுது, ப்ர்னோவை மற, வின்செஸ்டரை லைசென்ஸ் உள்ள நல்ல சேகரிப்பாளர் யாருக்காவது மாற்றிக் கொடு, இரண்டாவது இடம் காலியாக இருக்கட்டும். மார்ட்டினியில் ஒரு வருஷம் சுட்டபின் உனக்கே தெரியும் அடுத்து என்ன வேண்டும் என்று. சுடமுடியாத ரைபிளுக்கு வீட்டில் வேலையில்லை. பார்த்து ரசிக்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதக்கூடம் இருக்கிறது, கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது.

அத்தை இதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, உள்ளேயிருந்து ஒரு போட்டோவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். வால்பாறை பங்களா வாசல், 1968 என்று பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. மாமனாருக்கு அப்போது முப்பதுகூட இருக்காது. கையில் அந்த எண்கோணக் குழல்.

"மாப்பிள்ளை, சுடறதுக்குத்தான் வச்சுக்கணுமா?" என்றார். "அவர் சாகிறதுக்கு முந்தின வாரம்கூட அதைத்தான் துடைச்சார். அந்தக் கனமானதை இல்ல."

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அத்தை சொன்னதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டாவது இடம் காலியாக இருப்பதற்குப் பதில் வின்செஸ்டர் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, இது இனிச் சுடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால். எனக்கிருந்த பயம் அந்த லொடலொடப்பைப் பற்றித்தான். இன்றைக்கு மச்சினனுக்குத் தெரியும். இருபது வருஷம் கழித்து அவன் மகன் கையில் கிடைக்கும்போது, கிளப்பிலிருந்து நாலு லாங் ரைபிள் தோட்டா சட்டைப்பையில் இருந்தால்? அதனால் ஒன்று கேட்டுக்கொண்டேன். பெட்டிக்குள் ரைபிளோடு ஒரு அட்டை கட்டி வைக்க வேண்டும். 'இது டபிள்யூ.ஆர்.எஃப். லாங் ரைபிள் போடாதே' என்று தமிழில், பெரிய எழுத்தில். மச்சினன் அன்றைக்கே எழுதிவிட்டான். அத்தை அதை வாங்கிப் பார்த்து, 'போடாதே' என்பதன்மேல் இன்னொரு தடவை பேனாவை ஓட்டிக் கொடுத்தார்.

இப்போது காகித வேலை நடக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லைக் கடிதம். அதில் என் மனைவியின் கையெழுத்தும் உண்டு. கிளப் கடிதம், போலீஸ் விசாரணை. மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை இரண்டு ரைபிளும் கடையில்தான். முதல் வேலையாகக் கடைப் பெரியவரிடம் சொல்லி உறைகளைக் கழற்றிவிட்டோம். மச்சினன் சனிக்கிழமை தோறும் போகிறான். அவர் முன்னிலையில் மார்ட்டினியின் குழலுக்குள் கயிற்றில் துணி கட்டி இழுக்கிறான். முதல் வாரம் துணி காப்பித்தூள் நிறத்தில் வந்தது. மூன்றாவது வாரம் டீ நிறம். நடுவில் தெரிந்த நிழல் ஈயமாகத்தான் இருக்க வேண்டும், பாதி கரைந்துவிட்டது என்று போன சனிக்கிழமை போனில் சொன்னான். பின்பக்க சைட்டின் திருகும் கால் சுற்று அசைந்ததாம்.